மனைவிக்கு மாற்று டூட்டி

டைம்கீப்பர் ஒரு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். இன்னொன்றின் கயிற்றில் கை வைத்தபோது சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் இப்படித் தொடங்கிய எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததில்லை. அவர் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சொல்லு."

"பக்கத்து வீட்டுல கேக் குடுத்தாங்க. ஒரு துண்டு சாப்பிட்டுட்டேன். கொஞ்சம் பெரிய துண்டுதான்."

எவ்வளவு பெரியது என்று கேட்டதற்கு அவள் இரண்டு கைகளாலும் காட்டினாள். அதைத் துண்டு என்று சொல்லத் தனி மனசு வேண்டும். அவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கலோரிக் கணக்குத் தாளைப் பார்த்தார். முந்நூற்றைம்பது கலோரிக்குக் குறையாது. பெருமூச்சு விட்டு, கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகமாக நடந்தால்தான் அது தீரும்.

கேக் தின்றது அவள், நடப்பது இவரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டைம்கீப்பரிடம் கேட்டால் அவர் உங்களைத்தான் விவரம் தெரியாதவர் என்பார்.

அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் ஓட்டினார் என்று எழுதவேண்டும். ஒரு டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவரை அந்த வண்டியில் ஏற்றிவிட்டு, பதிவேட்டில் 'மாற்று டூட்டி' என்று போடவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்து செய்து, உலகத்தில் எந்த வேலைக்கும் மாற்று ஆள் போடலாம் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

மனைவிக்கு முட்டி வலி. இரண்டு மாதம் முன்பு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போனார் என்றால் வாசல் வரைக்கும். ஊசி, மருந்து வாசனை என்றாலே மனிதருக்கு ஆகாது. டிப்போவில் அந்த வருட ரத்தப் பரிசோதனைக்கே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டியவர், வந்த ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே மனைவியிடம் கொடுத்திருந்தார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி கழித்து அவள் ஒரு தாளும் கையில் கட்டும் பட்டையுமாக வெளியே வந்தாள். முட்டிக்கு ஆபரேஷன் செய்யவேண்டுமாம். அதற்கு முன்னால் மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைக்கவேண்டுமாம். குறைக்காவிட்டால் டாக்டர் கத்தியையே தொடமாட்டாராம். சாப்பிட்டது எத்தனை கலோரி, நடந்து கரைத்தது எத்தனை கலோரி என்று தினமும் தாளில் எழுதவேண்டும். பட்டை காலடிகளை எண்ணித் தானாகவே கிளினிக்குக்கு அனுப்பிவிடும்.

முதல் நாள் அவள் தெருமுனை வரை போய், ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நடந்தால்தான் எடை குறையும். எடை குறைந்தால்தான் ஆபரேஷன். ஆபரேஷன் ஆனால்தான் நடக்கமுடியும். எந்தப் பக்கம் சுற்றினாலும் வழி அடைத்திருந்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்ததை அவரால் பார்க்க முடியவில்லை. பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"இனிமே இந்த டூட்டி என்னுது. தாள் காலியா இருந்தா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க. நீ வாயை மட்டும் கட்டு."

இதைச் சொன்னவர் இரண்டு ஸ்டாப் தூரத்துக்கே பஸ்சுக்காகக் காத்திருக்கும் ஆள். அவர் டிப்போவுக்குள் நுழைவதற்கு ஒரு விநாடி முன்பே அவருடைய தொப்பை நுழைந்துவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். நடக்கிற கால் அவருடையது என்றால் சாப்பிடுகிற வாயும் அவருடையதாகத்தானே இருக்கவேண்டும்? அவர் சாப்பிடுவதையும் தாளில் ஏற்றாவிட்டால் கணக்கு உதைக்கும் அல்லவா? டிப்போவிலும் வண்டியை எடுத்தவன்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. முதல் வாரம் ஒரு மணி நேரம் நடந்தார். அகோரப் பசி எடுத்தது. பேக்கரியில் நின்று இரண்டு பன் சாப்பிட்டார். நேர்மையான மனிதர், வீட்டுக்கு வந்து எழுதினார். நடந்ததை விடப் பன் பெரிதாக இருந்தது. பன்னுக்காக மறுபடி நடந்தார். மறுபடி பசித்தது. மூன்றாம் முறை பேக்கரியைத் தாண்டும்போது கடைக்காரப் பெண் கேட்காமலே பன்னை எடுத்து நீட்டினாள். அன்றோடு அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டார்.

பன்னை விட்டதும் தாள் சரியாகியிருக்கவேண்டும். அதற்குள் மனைவியின் வாய் அவிழ்ந்துகொண்டது. ஒரு நாள் வறுத்த கடலை, ஒரு நாள் பிஸ்கட் பாக்கெட். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெயிலில் அவர் நடக்கிறதை நினைத்தால் மனசு கேட்கவில்லையாம், அந்தத் துக்கத்தில்தான் சாப்பிட்டாளாம். இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை என்ன சொல்லமுடியும்? அவளுடைய பிஸ்கட்டுக்குத் தாளில் இடம் பண்ண, அவர் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். கேக்குக்காக இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினார்.

டிப்போவிலும் மானம் போனது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வந்ததில் இரண்டு நாள் தாமதம். அதை ஈடுகட்ட, நிற்கிற பஸ்களைச் சுற்றிக்கொண்டே பதிவு எழுதினார். அந்தக் கிறுகிறுப்பில், கிளம்பிப் போன வண்டியை வந்து சேர்ந்ததாக எழுதிவிட்டார். மேனேஜர் மாடிக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டு முடிந்ததும் டைம்கீப்பர் எதற்கும் இருக்கட்டும் என்று அதே படியை இன்னும் நான்கு முறை ஏறி இறங்கினார்.

ஒரு டிரைவர் மட்டும் தினமும் சாலையில் அவர் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, ஏறிக்கொள்ளச் சொல்லுவான். ஒரு நாள் அவனுக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, பஸ்சுக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

"டூட்டியில இருக்கேன்பா, நீ போ," என்றார்.

பேன்ட் நழுவ ஆரம்பித்தது. பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டார். கவலை மனுஷனை அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மனைவி பேன்ட்களைப் பிடித்துத் தைத்து வைத்தாள். ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பியபோது மொட்டை மாடியில் போர்வைகள்கூட வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. யார் தூக்கிப்போனது என்றார். பக்கத்து வீட்டுக்காரி தங்கமானவள் என்று சொன்னாள்.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருந்தபோது வீட்டு எடைக் கருவியில் அவளை ஏற்றினார். முள் குறையவில்லை. ஒன்றரை கிலோ கூடியிருந்தது.

டைம்கீப்பர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு முட்டி சரியாக வேண்டும், சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே பூங்கா வரை நடந்துபோக வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்காகத்தான் இத்தனை பாடும். இப்போது அவள் இந்த வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டவேண்டியதுதான்.

"நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன்," என்றார். "நடக்கிறேன் நடக்கிறேன்னு உன்னை உட்கார வெச்சே எடை ஏத்திட்டேன்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தலையைக் கோதினாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துபோய்விட்டாள். போகும்போது சுவரைப் பிடிக்க மறந்துபோனாள். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கிளினிக். இந்தத் தடவை டைம்கீப்பர் டீக்கடைக்குப் போகவில்லை. குற்றவாளி ஆஜராகத்தானே வேண்டும். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே போனார். எடை பார்க்கும் நர்ஸ் தாளை வாங்கிப் புரட்டுவதற்குள் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அம்மா, இதுல இருக்கிற நடை ஒண்ணுகூட இவ நடந்தது இல்ல. எல்லாம் நான் நடந்தது. ஏமாத்தினது நான்தான். இவ மேல கோவப்பட்டு ஆபரேஷனை மட்டும் தள்ளிப் போட்டுடாதீங்க. இன்னும் மூணு மாசம் குடுங்க, இன்னும் கூட நடக்கிறேன்."

நர்ஸ் அவரைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தாள். மனைவி தரையில் பதித்திருந்த கற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். நர்ஸ் எடைக் கருவியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஷூவைக் கழட்டிட்டு நீங்க ஏறுங்க சார், சர்க்கரையும் கொழுப்பும் எக்கச்சக்கமா இருந்தது உங்க ரத்தத்துலதான், 'அவருக்குன்னு சொன்னா தெருமுனையைக்கூடத் தாண்டமாட்டார், எனக்குன்னு சொன்னா நிக்காம நடப்பார்'னு இவங்கதான் அன்னிக்கே எங்ககிட்ட சொல்லிட்டுப் போனாங்க."