மாதேஸ்வரியின் தங்கக் கோபுரம்

மனிதன் தன் சம்பளத்தைக் கண்ணால் காண முடியாமல் தவித்த இருண்ட காலம், ஓசூரில் எங்கள் தொழிற்சாலையின் மீட்டிங் ஹாலில், சென்ற செவ்வாய்க்கிழமை முடிவுக்கு வந்தது. முடித்துவைத்த பெருமையில் எனக்கும் பங்குண்டு. நான் எச்.ஆர். உதவி மேலாளர்.

கண்ணை மூடும் ஒரு பெட்டியைத் தலையில் மாட்ட வேண்டும். உடனே உங்கள் வரவு செலவு ஓர் ஊராக விரியும். சம்பளம், ஆறு. வீட்டு வாடகை, மலை. மகளிர் குழுத் தவணை, துரத்தும் நாய். மாதாமாதம் பிடிக்கும் பி.எஃப். சேமிப்பு, தங்கக் கோபுரம். இதன் பெயர் "நிதி விழிப்புணர்வு அனுபவம்". சம்பள உயர்வு கேட்டவர்களுக்கு நிர்வாகம் மனமுவந்து அளித்த பதில்.

முதல் பாக்கியசாலி மாதேஸ்வரி. பேரிகையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் சுமலதாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் காலி. பி.எஃப். பணத்தை எடுக்க வந்தவரிடம், "முதல்ல கண்குளிரப் பாருங்க" என்று பெட்டியை மாட்டினேன்.

"என்னம்மா தெரியுது?"

"ஆறு தெரியுது சார். கணுக்காலுகூட நனையல."

"கோபுரம்?"

"அதக் காணோம் சார். பெரிய குழிதான் இருக்குது."

"கிராபிக்ஸ் கோளாறு" என்று அறிவித்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்ற முனிலட்சுமிக்கு மாட்டினேன். அவருக்கும் குழி. ஒப்பந்ததாரர் வெங்கடப்பனின் ஆட்கள் எல்லோருக்கும் அதே இடத்தில் குழி.

"ஏன்டி மாதேசு, உன் குழி ஆழமா, என் குழி ஆழமா?"

"நான் உனக்கு சீனியருடி. எனக்குத்தான் ஆழம்."

அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது. மசால் வடை வந்தது. பிளான்ட் ஹெட் ஹரீஷ்குமார் கேட்டார்: "வெங்கடப்பா, சம்பளத்துல பி.எஃப். பிடிச்சீங்களே, கட்டினீங்களா?"

"பிடிச்சேன் சார். கட்டறதுக்குள்ள ரெண்டு வேன் வாங்கிட்டேன்."

"இப்ப கட்டினா எவ்ளோ ஆகும்?"

சொன்னார். ஹரீஷ்குமார் கடித்த வடையைத் தட்டில் வைத்தார்.

"சரி. குழிய மூட எவ்ளோ ஆகும்?"

"சாஃப்ட்வேர்ல சொன்னா சாயங்காலத்துக்குள்ள புல் போட்டுருவாங்க சார்" என்றேன் நான்.

"மாடிபிடி!", அதாவது செய்துவிடுங்கள், என்று கன்னடத்திலேயே உத்தரவானது. சிக்கலுக்குத் "தீர்வு" காண்பதில் எங்கள் நிர்வாகத்துக்கு நிகர் கிடையாது.

மறுநாள் குழி இல்லை. பச்சைப்பசேல் புல்வெளி. நடுவே இரண்டு மயில்கள், என் யோசனை.

"இப்ப எப்படிம்மா?"

மாதேஸ்வரி நின்று நிதானமாகப் பார்த்தார். "அழகா இருக்குது சார். இத அறுத்துக் கட்டினா காலேஜுல வாங்கிக்குவாங்களா?"

ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு இவ்வளவு நிதி விழிப்புணர்வா! கண் கலங்கிவிட்டது. "பொறுமையும் ஒரு முதலீடு" என்ற வீடியோவை அவருக்கு இலவசமாகக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை போனது. கல்லூரி இடமும் போனது.

நிர்வாகம் கைவிடுமா? திங்கட்கிழமையே சுமலதாவுக்கு எங்களிடம் வேலை, வெங்கடப்பன் மூலமாக. பதினெட்டு முடிந்திருக்கிறதா என்று சரிபார்த்தே சேர்த்தோம். சட்டத்தை மதிப்பவர்கள் நாங்கள். முதல் வேலையாக அந்தப் பெண்ணின் தலையிலும் பெட்டியை மாட்டினேன். இன்னும் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை, மலை முளைக்கவில்லை, நாய்கூட வந்து சேரவில்லை.

புல் மட்டும் தயாராகப் போட்டு வைத்திருந்தோம்.