வெண்டலின் விமானத்துக்கு ஓர் இடம்

"சனிக்கிழமைக்குள்ள எடுத்துட்டுப் போயிடு வெண்டல். ஞாயித்துக்கிழமை கன்னுக்குட்டிங்கள இங்க மேய விடப்போறேன். அதுங்களுக்கு பிளேன்னா கொள்ளை ஆசை. நக்கி நக்கியே பெயின்ட உரிச்சிடும்," என்றார் விமானத்தை விற்ற எல்டன்.

வெண்டல் தலையாட்டினார். கை மட்டும் விமானத்தின் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அது அவருடையதாகியிருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் வசதியாகவே உட்காரலாம். வலது பக்கக் கதவைச் சாத்த இரண்டு தடவை இழுக்க வேண்டும். மெக்கானிக் ஒருவர் வந்து, இன்ஜின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "வயசுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னபோது, என்னவோ தன்னையே சொன்ன மாதிரி வெண்டலுக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

சரி, வாங்கியாயிற்று. எங்கே நிறுத்துவது என்று அவர் யோசிக்கவே இல்லை. ஹால்ஸ்டெட் ஊர்த் தானியக் கிடங்கைப் பல வருடம் கட்டி மேய்த்தவர் அவர். அறுவடைக் காலத்தில் எந்த லாரி எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று முந்தின வாரமே முடிவு செய்கிற மனிதர். ஆசை வந்துவிட்டால் புத்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. விஷயம் அவர் மனைவி ஆர்லிஸுக்குத் தெரியாது.

இளவயதிலேயே வெண்டல் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவர். முதல் குழந்தை பிறந்த அன்று, "இனிமே நான் தரையிலதான் இருப்பேன்" என்று ஆர்லிஸின் கையைப் பிடித்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை. இவராகத்தான் சொன்னார். ஆனாலும் வாக்கு வாக்குதானே. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. இந்த வயதில் போய் அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்வோமோ என்று இருந்தது அவருக்கு.

நேரே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வடக்கு டகோட்டாவில் அப்படி யாரும் எதையும் நேரே சொல்வதில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால்கூட முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை சிரமம் எதற்கு, மூன்றாம் தடவைதான் சரி, அரைக் கப் போதும். அப்படிப்பட்ட ஊரில், பிளேன் வாங்கிவிட்டேன் என்று ஒருவர் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது லேசான காரியமா?

ஆசை வந்ததும் தானாக அல்ல. மார்ச்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வெண்டல் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால் சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை. சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று படம் வரைந்து ஒட்டினார். ஆர்லிஸ் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்போது பின்னால் நின்று, துணி வீணாகாமல் வெட்டும் வழியை எடுத்துச் சொன்னார். "இது கொஞ்சம் வித்தியாசமா இருக்கு வெண்டல்," என்றாள் அவள். அந்தப் பக்கத்தில் அதைவிடக் கடுமையான பேச்சு கிடையாது. வெண்டலும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். இருந்தும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் என்றால் பாருங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் எல்டன் கூப்பிட்டார். பிளேனை விற்கப்போகிறேன், சும்மா வந்து பாரேன் என்றார். சும்மா பார்க்கப் போனவர்தான் இப்போது மேய்ச்சல் நிலத்தில் நின்று மூக்கைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

முதலில் ஹால்ஸ்டெட் ஊரின் சொந்த ஓடுபாதைக்கே போனார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கேட்க விசித்திரமாக இருந்தாலும், ஒளித்து வைக்க அதுதான் தோதான இடம். ஆணி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி ஒரு சுற்றுப் பறந்துவிட்டு, ஆணியோடு திரும்பிவிடலாம். அங்கே பொறுப்பாளர் மார்வின், வெண்டலோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். வாயைத் திறக்க மாட்டார்.

வாயைத் திறக்கவில்லைதான். விமானக் கொட்டகையில் இடம் இருக்குமா என்று கேட்டதும் மார்வின் காபி ஊற்றினார். ஜன்னலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கடைசியில், எல்லாம் நிரம்பிக் கிடக்கிறது என்றார்.

ஜன்னலுக்கு வெளியே கொட்டகைக் கதவுகள் இரண்டு திறந்தே கிடந்தன. ஒன்றில் யாருடையதோ ஒரு படகு. இன்னொன்றில், கிறிஸ்துமஸுக்குத் தேவாலய வாசலில் வைக்கிற பலகை ஒட்டகங்கள் மூன்று, சுகமாக நிழலில் நின்றுகொண்டிருந்தன. ஒட்டகத்தை வெளியே எடுத்தால் விமானம் தாராளமாக நுழையும். ஆனால் அதைச் சுட்டிக்காட்டுவது மரியாதை இல்லை. வெண்டல் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்தது மில்பிராண்ட். அரை மணி நேரப் பயணம். அங்கே பெர்னிஸ் என்ற பெண்மணி பொறுப்பில் இருந்தாள். கொட்டகை கிடையாது, புல்தரையில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்றாள். அவசரத்தில் வெண்டல் அவளிடம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துத் தொலைத்தார்.

மறுநாள் காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஆர்லிஸ் கதவருகே வந்து நின்றாள்.

"மில்பிராண்ட்லேருந்து பெர்னிஸ்னு ஒரு அம்மா பேசினாங்க. நீ கேட்ட எடம் இல்லையாம். தரையெல்லாம் வயக்காட்டு அணிலுங்க வளை தோண்டி வச்சிருக்காம்."

வெண்டலின் தாடையில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தது. "எடம்... நமக்குத்தான் ஆர்லிஸ். பின்னாடி, நம்ம காலத்துக்கு அப்புறம். கல்லறைக்கு," என்றார்.

வாழ்க்கையில் அவர் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. முதல் பொய்யே இவ்வளவு பெரிதாக வந்து விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆர்லிஸ் துண்டை எடுத்து நீட்டினாள். "அணில் வளைக்குள்ள வேணாம். கொஞ்சம் தள்ளியே பாரு. நமக்கென்ன அவசரம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெண்டல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. எல்டனின் கன்றுக்குட்டிகள் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று, விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் வெண்டல் டன்விக்குக்குப் போன் போட்டார். தொண்ணூறு மைல். காரில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அங்கே இருந்த பொறுப்பாளர், வெண்டலின் பெயரைக் கேட்டதுமே வாங்க வாங்க என்றார். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். குளிர்காலத்துக்கு உள்ளே கணப்புகூட உண்டு. உலகத்தில் நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று வெண்டல் நினைத்துக்கொண்டார்.

பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விமானத்தை அங்கே கொண்டுபோனார், சில நாள் கையைப் பழக்கிக்கொண்டார். பிறகு தனியாக மேலே போனார். கீழே கோதுமை வயல், வெட்டிப்போட்ட ரொட்டித் துண்டுகள் மாதிரி விரிந்து கிடந்தது. மேலே யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்லித் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். இவ்வளவு சந்தோஷத்தை ஆர்லிஸிடம் சொல்ல முடியவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தார்.

ஆணி வாங்கப் போகிறேன் என்று நாள் முழுக்கக் காணாமல் போக முடியாது. அதனால் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னார். டன்விக் பக்கம் பெரிய ஏரி ஒன்று உண்டு. ஆர்லிஸ் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ரொட்டி சுற்றிக் கொடுத்தாள், பெரிய பிளாஸ்க் வாங்கி வந்தாள், இருட்டின பிறகு வண்டி ஓட்ட வேண்டாம், தேவையானால் அங்கேயே தங்கிவிட்டு வா என்றாள். அவள் அன்பு கூடக் கூட வெண்டலுக்குக் குற்ற உணர்ச்சி நெஞ்சை அறுத்தது.

மீன் பிடிக்கப் போனவர் மீனோடு வர வேண்டும். டன்விக் கடைத்தெருவில் வாங்கினார்.

"அந்த ஏரில மீனெல்லாம் தோலை உரிச்சிக்கிட்டுத்தான் நீந்துது போல," என்றாள் ஆர்லிஸ், பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. அதை வறுத்து வைத்தாள். அடுத்த முறை முழு மீனாக வாங்கினார். அது உறைந்து கட்டையாக இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி என்றார். ஆகஸ்ட் மாதம் அது.

இத்தனைக்கும் வெண்டலுக்கு மீன் பிடிக்காது. வாரத்தில் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். மிச்சத்தை ஆர்லிஸ் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். வெண்டல் பெரிய மீன்பிடிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. தூண்டில் முனையில் என்ன மாட்டுகிறீர்கள் என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். ஒருவர் கேட்டபோது சீஸ் என்று சொல்லிவைத்தார். அந்த வாரம் ஊர்க் கடையில் சீஸ் தீர்ந்துபோயிற்று.

செப்டம்பர் ஞாயிறு ஒன்றில் ஆராதனை முடிந்ததும் போதகர் எல்லோர் முன்னாலும் வெண்டலின் தோளில் கை போட்டார். அறுவடை விருந்துக்கு இந்த வருடம் மீனே போடலாம் என்று சபை முடிவு செய்திருக்கிறதாம்.

"மொத்த மீனும் உங்க பொறுப்பு வெண்டல். கடை மீன் யாருக்கு வேணும், நீங்க பிடிச்ச மீனுதான் ருசி," என்றார். "நானும் ரெண்டு பேரும் உங்க கூட ஏரிக்கு வர்றோம். வியாழக்கிழமை கிளம்பலாமா?"

வெண்டல் வேண்டாம் என்றார். சிரமம் எதற்கு என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது, பழக்க தோஷம், சரி என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை முழுக்க அவர் சாப்பிடவில்லை. போதகர் படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், வெண்டலுக்கோ தூண்டிலில் புழுவைக் கோக்கக்கூடத் தெரியாது. ஊர் சிரிக்கும், அது போகட்டும். ஆர்லிஸ் ஊரார் வாயிலிருந்து தெரிந்துகொள்வாளே, அதுதான் தாங்கவில்லை. இவ்வளவு நாள் ரொட்டி சுற்றிக் கொடுத்த கை. இன்றைக்கே, தானே, நேரே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தப்பைச் சொல்வதோடு நிறுத்தாமல் சரியும் செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நேராக மார்வினிடம் போனார்.

மார்வின் காபிப் பாத்திரத்தை எடுத்தார். வெண்டல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காபி வேணாம் மார்வின். அந்த ஒட்டகத்தையெல்லாம் வெளிய எடு. என் பிளேன நான் இங்க கொண்டு வரப்போறேன்."

இப்படி ஒரு பேச்சை மார்வின் அந்த அறையில் கேட்டதே இல்லை. பாத்திரத்தோடு அப்படியே நின்றார்.

"இன்னிக்கு சாயங்காலம் ஆர்லிஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன்," என்றார் வெண்டல். "பாவம்ப்பா அவ. நாலு மாசமா அவள நாள் முழுக்க அந்த வீட்ல தன்னந்தனியா விட்டுட்டுப் போயிருக்கேன். ஒரு வார்த்த குறை சொல்லல. இனிமே காலைல ஒரு மணி நேரம் பறப்பேன், அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் வீட்லயேதான் இருப்பேன். தையலுக்குக் கூடமாட ஒத்தாசையா இருப்பேன்."

மார்வினின் முகம் வெளுத்துவிட்டது. பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தார். போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வெண்டல், அந்தப் பிளேன உன் தலைல கட்டச் சொல்லி எல்டன்கிட்டப் போய் நின்னதே ஆர்லிஸ்தான்ப்பா, டன்விக்குக்கு இந்தப் பக்கம் உனக்கு ஒரு எடமும் குடுத்துடாதீங்கன்னு எங்க ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சிக் கெஞ்சிட்டுப் போயிருக்காங்க."