பெரியப்பா காரின் இடது சக்கரம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
5-11-1974

அன்பும் மரியாதையும் மிகுந்த கிளாட்வின் அண்ணனுக்குத் தங்கை கிளாடிஸ் எழுதுவது. இங்கு எல்லோரும் காய்ச்சல், இருமல் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் கப்பலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். காரை அய்யாக்குட்டி அண்ணாச்சியின் பழைய இரும்புக்கடைக்கு விற்கப்போவதாகப் பெரியம்மா தன் மகனுக்கு எழுதியிருப்பார்கள். இறந்துபோன பெரியப்பா அதற்குள் இருக்கிறார் என்றும் எழுதியிருப்பார்கள். அது உண்மையல்ல. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். படித்ததும், விற்க வேண்டாம் என்று தந்தி கொடுங்கள். நான் படிப்பது அந்தப் பின்சீட்டில்தான். பெரியப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு அவருக்குக் கதை படித்துக் காட்டியதும் அங்கேதான்.

கல்லறைத் திருநாளுக்குப் பெரியப்பாவின் காரிலேயே புன்னைக்காயல் போய் அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. பதினெட்டு மாதம் நின்ற காரில் முன்பக்க இடது சக்கரத்தில் காற்று இல்லை. வியாழக்கிழமை அப்பா கழற்ற உட்கார்ந்தார். நட்டு அசையவில்லை. அப்பா தோணி ஓட்டும் தண்டல் அல்லவா, எது இறுகினாலும் தோணிக்குப் பூசும் சுறா எண்ணெய்தான் அவருக்கு மருந்து. ஒரு சிரட்டை நிறைய ஊற்றிவிட்டு, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றார். டொக்! போல்ட்டு முறிந்தது. பெரியப்பா சாப்பிட்டு எழுந்ததும் நெட்டி முறிப்பாரே, அச்சு அசல் அதே சத்தம். "ஏளா கிளாடிஸ், நெட்டி முறிச்சது யாரு?" என்று அடுப்படியிலிருந்து பெரியம்மா கேட்டார்கள். அப்பா அடுத்த நட்டுக்குப் போனார். டொக். மூன்றாவதும் டொக். பெரியம்மா கரண்டியோடு ஓடிவந்து சிலுவை போட்டுக்கொண்டு, "இறங்குய்யா வளன்! உங்க அண்ணன் உள்ளேருந்து பிடிச்சிக்கிட்டிருக்காவ" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தால் பூனைகள். பதினொன்று எண்ணினேன். காரைச் சுற்றி வட்டமாக, ஒன்றுகூடக் கத்தாமல் உட்கார்ந்திருந்தன. சுறா எண்ணெய் வாசம்தான் காரணம். ஆனால் அவை சக்கரத்தைப் பார்க்கவில்லை, பின்சீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. பூனை எங்கே வேண்டுமானாலும் பார்க்கும்.

அந்நேரம் பார்த்து அய்யாக்குட்டி அண்ணாச்சி வந்து, "உசிரோட இருக்கவுக வண்டியவே எவனும் வாங்க மாட்டேங்கான். இத நான் எடுத்துக்கிடுதேன் தாயி" என்றார். ஆனால் வாசலைத் தாண்டி ஓரடிகூட உள்ளே வரவில்லை.

நான் முறிந்த துண்டை எடுத்து வலது சக்கரத்தோடு ஒப்பிட்டேன். திருகு மரை எதிர்த் திசையில் ஏறியிருந்தது. "அப்பா, இந்தப் பக்கம் தலைகீழ். நீங்க கழத்தல, இறுக்குதீங்க" என்றேன். "ஏளா, பாய்மரம் ஏத்துதவனுக்குத் திருகாணி படிச்சுக் குடுக்கியா?" என்று அதட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது மாற்றித் திருப்பினார். மீதி இரண்டும் சாதுவாகக் கழன்றன. பழைய அமெரிக்கக் கார்கள் சிலவற்றுக்கு இடது பக்கம் அப்படித்தான் என்று வாசலில் நின்றே அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். யாருக்கும் பொருந்தாமல் தன் கடையில் கிடந்த மூன்று இடது மரை போல்ட்டுகளையும் அவரே அனுப்பினார். அப்பா பிரேக் டிரம்மைக் கழற்றி, முறிந்தவற்றைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றி, புதியவற்றைப் பின்பக்கமாகச் செருகி, வாஷர் வைத்து நட்டால் இழுத்து உட்கார வைத்து, காற்றடித்த சக்கரத்தை மாட்டினார். சனிக்கிழமை புன்னைக்காயல் போய் சுகமாகத் திரும்பினோம். பூனைகள் தெருமுனைவரை வந்து வழியனுப்பின. பின்சீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். இருந்தும் பெரியம்மா இரண்டு முறை திரும்பி, "ஒதுங்கி உக்காருளா, அவுகளுக்கு இடம் விடு" என்றார்கள்.

ஆகவே, எல்லாவற்றுக்கும் காரணம் மரையும் எண்ணெயும்தான். பேய் கிடையாது. தந்தியை மறக்காதீர்கள். பனிமய மாதா உங்கள் கப்பலுக்கு நல்ல காற்றையும், கப்பல் சமையல்காரருக்கு நல்ல புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தங்கை
கிளாடிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், காருக்குள் விட்டுவந்த நூலகப் புத்தகத்தை எடுக்கப் போனேன். நாற்பதாம் பக்கத்தில் நான் அடையாளம் வைத்த ஓலைத்துண்டு நூற்றுப் பன்னிரண்டில் இருந்தது. நடுவில் உள்ள ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எச்சில் தொட்டுப் புரட்டிய ஈரம், இன்னும் காயவில்லை. நான் படித்துக் காட்டும்போது பெரியப்பா, "பெறவு என்னளா ஆச்சு?" என்று விடாமல் கேட்பார். இப்போது கண் தெரிகிறது போலிருக்கிறது. மேலே பேய் கிடையாது என்று எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள், அண்ணா. விற்க வேண்டாம் என்பது அப்படியே இருக்கட்டும். அவருக்கு இன்னும் அறுபது பக்கம் பாக்கி இருக்கிறது.