திருகோணமலைப் பதிப்பு

இயேசு மரி சூசை

உப்புவெளி,
நவம்பர் 9

அன்புள்ள மருமகன் டிலக்ஷனுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் உமது மாமியும் ஆறு கோழிகளும் நலம். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு நடவும். போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் இதை எழுதுகிறேன். மாமி கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புவாள்.

உமது அம்மா, என் தங்கச்சி மாகிரட், கண்மூடுமுன் கட்டிய, இயேசு பாலனின் நத்தார்ப் பாட்டுகள் முழுவதும் அந்தப் பழைய கொம்பியூட்டரின் டிஸ்க் டிரைவுக்குள் சிக்கிக் கிடக்கும் ஒரேயொரு பிளொப்பித் தட்டில்தான் இருக்கின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீர், "மாமா, அந்த டிரைவ் எத்தினையாம் பதிப்பு எண்டு அறியாமல் கரண்ட் குடுக்க ஏலாது. கம்பெனி இலக்கம் ஆறில முடிஞ்சால் புதுப் பவர் பெட்டி, எட்டில முடிஞ்சால் பழசு. மாறினால் பிளொப்பியும் சேர்ந்து கருகிப்போகும்" என்று சொன்னதும், டிரைவைக் கவிழ்த்து, அடியில் இருந்த 17/4 என்ற இலக்கத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்து அனுப்பினேன். அது ஆறும் இல்லை எட்டும் இல்லை என்று நீர் உலகத்திலுள்ள பழைய கொம்பியூட்டர்க்காரர் எல்லோரையும் கேட்க, ஜேர்மனியில் ஒருவர் இது எவரும் காணாத பதிப்பு என்று எழுத, 'திருகோணமலைப் பதிப்பு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் பங்குத்தந்தை வரைக்கும் சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் மாமி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "இஞ்சருங்கோ, நீங்க இருக்கிற கதிரைக்குப் பின்னால 17/3 எண்டு கிடக்கே, அதையும் ஜேர்மன்காரனுக்குச் சொன்னனீங்களோ?"

சோற்றை விட்டுவிட்டு எழும்பிக் கதிரையைத் திருப்பிப் பார்த்தேன். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் காப்பாளனாக இருந்தவன் நான். எந்தச் சாமான் வந்தாலும் ஒட்டியிருக்கும் லேபலைச் சுரண்டிவிட்டு வெள்ளைப் பெயின்ற்றில் எங்கள் இலக்கம் போடுவதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டு இலக்கம் 17, ஆகவே அலுமாரி 17/1, ஆட்டுக்கல் 17/2. டிரைவில் இருந்ததும் என் கையெழுத்துத்தான். தங்கச்சியின் பாட்டை நானே கொளுத்தப் பார்த்தேனே!

ரேடியோ திருத்தும் அபூதாஹிரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் நாலு ஸ்குரூ ஆணியைக் கழற்றி, "பயப்பிடாதீங்க பேணாட் அண்ணன், கம்பெனி இலக்கம் உள்ளுக்க சேர்க்கிட் பலகையில அச்சடிச்சிருக்கு" என்றார். பச்சைப் பலகையின் மூலையில், எறும்பளவு எழுத்தில். கடைசி இலக்கம் ஆறு. என் கண்ணாலேயே கண்டேன். அப்பாடா! நேற்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன். புதுப் பெட்டியோடு நத்தாருக்கு வாரும், எல்லோரும் இருந்து அம்மாவின் பாட்டுப் படிப்போம். ஜேர்மன்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லும்.

தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியார் உமக்குத் துணை நிற்பாராக.

அன்பு மாமா,
பேணாட்

பி.கு: படம் பிடிக்க வந்த மாமி கடிதத்தை வாசித்துவிட்டு, "நானும் பக்கத்தில நிண்டனான். அது எட்டெல்லோ?" என்கிறாள். சரிபார்க்க இப்போதுதான் ஆணிகளைக் கழற்றினேன். எழுத மறந்த சங்கதி ஒன்று: நேற்று மூடுமுன், பலகை மாறிப்போகக்கூடாதென்று அந்த மூலையில் வெள்ளைப் பெயின்ற்றில் 17/4 என்று வடிவாக எழுதியிருந்தேன். நன்றாகக் காய்ந்திருக்கிறது. இரண்டு பெட்டியையும் கொண்டு வாரும், ஆனால் ஒன்றையும் செருக வேண்டாம். அபூதாஹிர் நாளைக்குச் சுரண்ட வருகிறார். பிரஷை மாமி 17/1 இல் வைத்துப் பூட்டிவிட்டாள்.