கன்னத்தில் விழித்த மருந்து

ஒரே வயதில், ஒரே வகுப்பில், எப்போதும் உங்களைவிடக் கொஞ்சம் கூடப் புள்ளி எடுக்கும் மச்சாள் ஒருத்தி இருந்தால், உங்களுக்கு வேறு எதிரியே தேவையில்லை. எனக்கு வாய்த்தவள் மாமா மகள் நிலானி. பல்கலைக்கழகத்திலும் இருவருக்கும் இரசாயனவியல்தான். (நான் எங்கே போனாலும் முன்னால் போய் நிற்பாள்!)

அவளுடைய ஆய்வு, ஒளிபட்டால் வேலைசெய்யும் மருந்துகள் பற்றியது.

"மருந்து உடம்புக்கை சும்மா நித்திரையிலை கிடக்கும். புற்றுநோய் இருக்கிற இடத்திலை வெளிச்சம் அடிச்சால்தான் எழும்பி அந்தக் கலங்களைக் கொல்லும்" என்பாள்.

என் பொறாமையும் அதே சாதி. அவள்மேல் வெளிச்சம் விழும்வரை நித்திரை.

துறைக் கண்காட்சியில் நன்றாக விளக்குபவருக்குக் கொழும்பு மாநாட்டில் பேச வாய்ப்பு. ஒரேயோர் இடம். அவளிடம் அழகான சுவரொட்டி இருந்தது. நான் உயிருள்ள ஆதாரமே காட்டத் தீர்மானித்தேன். எலுமிச்சை எனப்படும் தேசிக்காயின் தோலிலும் வெயில்பட்டால் விழிக்கும் பொருள் உண்டென்று அரைகுறையாக வாசித்திருந்தேன். நட்சத்திரம் வெட்டிய கடதாசியை முன்கையில் ஒட்டி, தேசிக்காயைத் தோலோடு பிழிந்து பூசி, சண்டிலிப்பாய் வீட்டு முற்றத்தில் உச்சி வெயிலில் குந்தினேன். நிலானி கொழும்பு மேடையில் நீலச் சேலையோடு பேசுவது மனக்கண்ணில் வந்தது. (நீலம் எனக்குப் பிடித்த நிறம். அதையுமா?) கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"கன்னத்திலை கை வைக்காதையடி, வீட்டுக்குக் கூடாது!" அம்மா குசினியிலிருந்து கத்தினார்.

எடுத்தேன். வெயிலைவிட்டு எழும்பவில்லை.

மறுநாள் காலை கண்காட்சியில் முன்கையை நீட்டினேன். விரிவுரையாளர் கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஒண்டையும் காணேல்லை?"

"விழிக்கும், சேர்."

"எப்ப?"

அந்தப் பக்கத்தைத்தான் நான் வாசிக்கவில்லை. ஒன்றிரண்டு நாள் செல்லுமாம். கொழும்பு நிலானிக்குப் போனது.

அடுத்த நாள், அவளை வழியனுப்பப் புகையிரத நிலையத்தில் நிற்கும்போது, மருந்து விழித்துவிட்டது. கையில் நட்சத்திரம் கொப்பளித்தது. கன்னத்தில் ஐந்து விரலும் செக்கச்செவேலென்று பதிந்திருந்தன.

"ஆரடி உனக்கு அடிச்சது?" மாமி பதறினார். பிறகு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "இடம் கிடைக்கேல்லை எண்டதுக்கு இப்பிடியே பிள்ளைக்கு அடிக்கிறது, மச்சாள்?"

"ஐயோ, நான் தொடவே இல்லை!"

சனம் கூடியது. தேசிக்காய்க் கதையை அத்தனை பேர் முன்னிலையிலும் நான் சொல்லவேண்டி வந்தது. நிலானி மட்டும் சிரிக்கவில்லை. என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அசையாதை, மச்சாள். ஒரு படம் எடுக்கிறன்."

தழும்பு மறையப் பல மாதம் ஆயிற்று. இன்றைக்கும் நான் யாரையாவது ஏக்கமாகப் பார்த்தால், "தேசிக்காயை எடுத்து ஒளியுங்கோ" என்பார் அப்பா. நிலானி இப்போது வெளிநாட்டில் அந்த மருந்துகளையே உருவாக்கிக்கொண்டிருக்கிறாள். எங்கே பேசினாலும், திரையில் அவள் காட்டும் முதல் படம் என் கன்னம். போன கிழமையும் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். சபை சிரித்துச் சிரித்துக் கைதட்டுகிறது.

கன்னம் என்னுடையது. கைதட்டல் அவளுக்கு. கட்டியிருந்ததும் நீலச் சேலை.