திட்டுக்கு வந்த கப்பல் படிப்பு

ஒரு காட்டில், ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் இடத்தில், தாழ்வான திட்டு ஒன்று கிடந்தது. அதில் முயல், முள்ளம்பன்றி வீடுகளுக்கு நடுவே பேச்சி என்கிற சருகுமான் குடியிருந்தது. ஐப்பசியில் ஆறு பெருகினால் திட்டு மூழ்கும். மேட்டுக் கரைக்குப் போக வழி கிடையாது. போன ஐப்பசியில் பேச்சியின் மூத்த குட்டியை வெள்ளம் கொண்டுபோயிற்று. மிச்சம் இரண்டு.

கோடையில் ஆற்றை நடந்தே கடந்து, சிங்கத்திடம் போய் ஒரு படகு கேட்டது பேச்சி. சிங்கத்துக்கு மனம் இளகிவிட்டது. பின்தங்கிய பகுதிக்குப் பிச்சையாகப் படகு கொடுப்பது அவமானம் என்று அதன் அரசவை கருதியது. திட்டில் கப்பல் பொறியியல் முதுநிலைப் படிப்பு தொடங்க உத்தரவாயிற்று.

கடற்கரையிலிருந்து முனைவர் கூழைக்கடா துறைத்தலைவராகப் பறந்து வந்தது. கட்டடத்துக்கு ஓலைக் கொட்டகை போதும் என்றது. பெயர்ப்பலகையில்தான் விட்டுக்கொடுக்கவில்லை. துறையின் பெயர், படிப்பின் பெயர், சிங்கத்தின் பட்டங்கள் எல்லாம் ஒரே வரியில் வர வேண்டுமாம். இரண்டு தேக்கு மரங்களை அறுத்துச் சேர்த்த பலகையை யானை சுமந்து வந்து முகப்பில் கட்டியது.

படிப்பில் சேர முதலில் வந்து நின்றது பேச்சிதான்.

"இளநிலை முடிச்சிருக்கியாம்மா?" என்றது கூழைக்கடா.

"இங்க பள்ளிக்கூடமே இல்லீங்களே ஐயா."

"அவ்வளவு பின்தங்கிக் கிடக்கறதாலதான் நேரா முதுநிலையே கொடுத்திருக்கோம். தகுதி உள்ளவங்க வருவாங்க. நீ வேணும்னா கொட்டகையைப் பெருக்கு."

தகுதி உள்ளவர்கள், திட்டுக்கு வரப் படகு இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். கூழைக்கடா காலிக் கொட்டகைக்கு மிதப்பு விதிகளை நடத்தியது. பேச்சி பெருக்கிக்கொண்டே, குட்டிகள் ஏறுகிற மாதிரி ஏதாவது இந்தப் பாடத்தில் வருமா என்று கேட்டது. அது இரண்டாம் பருவத்தில் வரும் என்று பதில் கிடைத்தது.

மழை முதல் பருவத்திலேயே வந்துவிட்டது.

கூழைக்கடா விடுப்பு எடுத்துப் பறந்துபோயிற்று. பேச்சி குட்டிகளை மூக்கால் தள்ளித் தள்ளிக் கடைசி மேட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த மண்ணும் காலடியில் கரைந்துகொண்டிருந்தது. அப்போது கொட்டகை சரிந்து, பெயர்ப்பலகை தட்டையாகத் தண்ணீரில் விழுந்தது. விழுந்தது மிதந்தது. பேச்சி சின்னதைச் சிங்கத்தின் பட்டங்கள் மேலும், பெரியதைப் 'பொறியியல்' மேலும் ஏற்றிவிட்டுத் தானும் தொற்றிக்கொண்டது. ஆற்று வளைவில் பலகை மேட்டுக் கரையில் முட்டி நின்றது.

வெள்ளம் வடிந்ததும் ஆய்வுக் குழு வந்தது. துறையின் முதல் கலம் வெள்ளோட்டம் கண்டதென்றும், பயணிகள் மூவரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள் என்றும், விடுப்பு முடிந்து வந்த கூழைக்கடா தெரிவித்தது. கூழைக்கடாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படிப்பும் நீட்டிக்கப்பட்டது. பலகையில் இடம் கிடைக்காத முயல் வீட்டில் இரண்டு பேர் குறைந்திருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை.

குறை ஏதும் உண்டா என்று குழு கேட்டது. பேச்சி முன்னால் வந்தது.

"திரும்பவும் படகு கேக்கப் போறியாக்கும்," என்று பின்னாலிருந்து முள்ளம்பன்றி இடித்தது.

பேச்சி முயல் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தது.

"படகெல்லாம் வேண்டாங்க ஐயா. வீட்டுக்கு ஒரு துறை கொடுங்க. பேரு மட்டும் நீளமா இருக்கட்டும்."

நீதி: உயிர் பிழைக்க வேண்டுமென்றால் படகு கேட்காதீர்கள், பல்கலைக்கழகம் கேளுங்கள். பாடம் எப்படியோ போகட்டும், பலகை தேக்கில் இருக்க வேண்டும்.