ரிவர்ஸ் இல்லாத பயணம்

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு டிசம்பர் காலையில், இனி எந்தப் பயணத்திலும் ரிவர்ஸ் கியரைத் தொடுவதில்லை என்று வெண்டல் ஹாகன் சபதம் எடுத்தார். எடுத்த இடம், அமெரிக்காவின் அயோவாவில் அவர் வீட்டுச் சமையலறை. சாட்சி, மனைவி அர்லீன். அவள் பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

சபதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற கையோடு மனுஷன் ஒரு வீட்டு வண்டி வாங்கியிருந்தார். முப்பத்தெட்டு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, சோபா எல்லாம் உண்டு. வருஷா வருஷம் ஜனவரியானால் அதில் ஏறி அரிசோனாவில் நேராக நுழைகிற ஒரு முகாமுக்குப் போய்விடுவார்கள்; அர்லீனுக்கு அங்கே போர்வை தைக்கிற வகுப்பு. நேராக ஓட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பின்னால் எடுக்கத்தான் வராது. போன கோடையில் ஓர் ஏரிக்கரை முகாமில் வண்டியை அதன் இடத்துக்குள் பின்பக்கமாக நுழைக்கப் போய்த் தண்ணீர்க் குழாயைச் சாய்த்துவிட்டார். தண்ணீர் மூன்று மாடி உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. முகாமே மடக்கு நாற்காலிகளோடு வந்து உட்கார்ந்து பார்த்தது. இந்த முகாம்களில் சாயங்காலப் பொழுதுபோக்கே அதுதான். புதிதாக வருகிறவர் எப்படி ரிவர்ஸ் எடுத்து அவமானப்படுகிறார் என்று பார்க்க அப்படி ஓர் ஆசை.

"எல்லாம் நீ கை காட்டின லட்சணம்," என்றார் வெண்டல்.

"நிறுத்துங்கன்னுதானே காட்டினேன்?"

"அதைக் கொசு ஓட்டற மாதிரியா காட்டுவாங்க?"

"கொசுவும் இருந்துச்சுங்க."

வெண்டல் வரைபடத்தை விரித்தார். ஜூன் ஒன்பதாம் தேதி கிளம்பிக் கொலராடோ மலைகளைச் சுற்றிப் பன்னிரண்டு நாள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகிற இடங்களில் மட்டும்தான் தங்கல். பின்னால் எடுக்கிற பேச்சே கிடையாது.

"அப்போ கழுகுப் பாறை?" என்றாள் அர்லீன்.

அந்த முகாமின் படம் மூன்று வருஷமாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மலை விளிம்பு. ஜன்னலைத் திறந்தால் கீழே ஆறு. ஆனால் அங்கே உள்ள எல்லா இடமும் ரிவர்ஸில் நுழைய வேண்டியவை.

"கிடையாது."

"அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துடுவேன் போல இருக்கு."

"படம்தான் இருக்கே, பார்த்துக்கோ."

"சரிங்க. நடுவழியில ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்துட்டா?"

"ஸ்டியரிங்கை உன் கையில குடுத்துட்டுப் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன். அதுக்கப்புறம் நீ சொல்ற வழிதான். போதுமா?"

தன் சாமர்த்தியத்தை நினைத்து வெண்டலுக்கே புல்லரித்தது. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம். அதில் அர்லீன் ஓட்டி அவர் பார்த்த பெரிய வண்டி, புல் வெட்டுகிற வண்டிதான்.

"போதும்ங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

ஜூனில் கிளம்பினார்கள். முதல் தங்கல், டிரக்குகள் நிற்கும் ஒரு டீசல் நிலையம். கண்ணுக்கெட்டிய இயற்கைக் காட்சி, பதினாலு பம்பு. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வெண்டல் மனைவியைப் பார்த்தார். அவளோ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அந்த டிரக்குல அப்படி என்னத்தை வலை போட்டு மூடியிருக்காங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்."

போனாள். வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "அத்தனையும் தேனீங்க! நானூறு பெட்டி! பூ எங்கே பூக்குதோ அங்கே கூட்டிட்டுப் போவாங்களாம். நம்மள மாதிரியே வீட்டோட கிளம்பிடுச்சுங்க."

இரண்டாம் தங்கல் சரக்கு ரயில் பாதை ஓரம். ஒரு ரயிலில் நூற்றி முப்பத்திரண்டு பெட்டி இருப்பதை அர்லீன் எண்ணிக் கண்டுபிடித்தாள். மூன்றாவது, ஒரு டயர் கடையின் பின்புறம்.

"மலை தெரியுதுங்க!"

"எங்கே? எங்கே?"

"அந்தப் பழைய டயர் குவியலுக்கு மேலே. ஒரு முழம்."

திட்டித் தொலைத்தாலாவது பதிலுக்குத் திட்டலாம். இவள் ஏன் முணுமுணுக்கக்கூட இல்லை? அந்த யோசனையிலேயே வெண்டலுக்குச் சோறு இறங்கவில்லை.

"உனக்குக் கோபமே வரலையா?"

"எதுக்குங்க? டயர்ல இத்தனை தினுசு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

நாலாம் நாள் காலை. காபிக் கோப்பையோடு அந்த ஒரு முழ மலையைப் பார்த்து நின்ற வெண்டலுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தட்டையான சோளக்காட்டையே பார்த்து வளர்ந்த மனுஷன். எண்ணூறு மைல் ஓட்டி வந்தது ரப்பரைப் பார்க்கவா?

"கழுகுப் பாறைக்கே போவோம்," என்றார்.

"அங்கே ரிவர்ஸ் எடுக்கணுமே?"

"எடுப்பேன். ஒரே தடவைதானே!" சொன்ன பிறகுதான் உறைத்தது. "ஆனா அங்கெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே பதியணும். இப்போ போனா எவன் இடம் குடுப்பான்?"

"இன்னிக்குத் தேதிக்கு நமக்கு இடம் இருக்குங்க. நீங்க சபதம் போட்ட மறுநாளே பதிஞ்சுட்டேன்."

வெண்டல் மிச்சக் காபியைக் கீழே ஊற்றிவிட்டு வண்டிச் சாவியைத் தேடப் போனார்.

நாலு மணிக்குக் கழுகுப் பாறை. வண்டி நுழைந்ததுமே மடக்கு நாற்காலிகள் விரிந்துவிட்டன. வெண்டல் முதல் தடவை பின்னால் எடுத்தார். பைன் மரம் குறுக்கே வந்தது. இரண்டாவது தடவை, பாறை. மூன்றாவது தடவை, மறுபடி அதே மரம். ஏழாவது தடவை யாரோ சோளப்பொரி பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது.

அர்லீன் ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "ஏங்க, இறங்கறீங்களா? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கே."

"நீயா? இதையா? கீழே ஆறு இருக்குடி!"

"அதைப் பார்க்கத்தானே வந்தோம்?"

இறங்கினார். அவள் ஏறினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். இடது பக்கம் ஒரு வளைப்பு, வலது பக்கம் ஒரு வளைப்பு. முப்பத்தெட்டு அடியும் வழுக்கிக்கொண்டு போய் விளிம்பு ஓரம் நின்றது. நாற்காலிகள் அத்தனையும் கை தட்டின.

"எங்கே கத்துக்கிட்ட?" வெண்டலின் குரல் கீச்சென்று வந்தது.

"அரிசோனாவுலதாங்க. நாம ஜனவரியில தங்கற முகாம்ல பொம்பளைங்களுக்குன்னு வண்டி ஓட்டற வகுப்பு நடக்குது."

"போர்வை தைக்கற வகுப்புக்குப் போறேன்னுல்ல சொன்ன?"

"மூணு வருஷமாப் போறேன். ஒரு போர்வையாவது கண்ணால பார்த்தீங்களா?"

சொல்லிவிட்டு அவள் ஆற்றைப் பார்க்கப் போய்விட்டாள். நாளைய வழியும் இனி அவளுடையது. மிச்சம் இருப்பது மானம் ஒன்றுதான். அதையாவது காப்பாற்றலாம் என்று வெண்டல் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நாற்காலிக்காரர்களிடம் போனார். சோளப்பொரி தின்றுகொண்டிருந்த தொப்பிக்காரக் கிழவர் எழுந்து கை கொடுத்தார்.

"பிரமாதம்ங்க, உங்க வீட்டம்மா!"

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்," என்றார் வெண்டல், நெஞ்சை நிமிர்த்தி.

கிழவர் ஆற்றோரம் நின்ற அர்லீனை ஒரு தடவை, வெண்டலை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்; கண் அகல விரிந்தது. தன் வண்டிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார்: "ஏ மார்வா! கேமராவை எடுத்துட்டு சீக்கிரம் வா! அரிசோனாவுல உங்க அர்லீன் டீச்சர் முதல் வகுப்பு முழுக்க ஒருத்தரைப் பத்தியே பாடம் நடத்துவாங்கன்னு சொல்லுவியே, அவரே நேர்ல வந்திருக்காரு!"